படத்தில் இல்லாத செடி

எங்கள் பக்கத்தில் மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, இறந்தவர்களின் நினைவு நாளன்று, யாரும் வெறுங்கையோடு கல்லறைக்குப் போக மாட்டார்கள். வாசலில் பூத்த பியோனியை வெட்டி, அதில் ஒளிந்திருக்கும் எறும்புகளைத் தட்டிவிட்டு, காலிக் காப்பி டப்பாவில் தண்ணீர் ஊற்றிச் செருகி, மடியில் வைத்துக்கொண்டு காரில் போவார்கள். முட்டைக்கோஸ் அளவு பூ, தலை நிற்காமல் தொங்கும். அம்மா மட்டும் வெறுங்கையோடு வருவாள். வீட்டில் அவ்வளவு பூவை வைத்துக்கொண்டு ஒன்றை வெட்ட மனம் வராத கஞ்சம் என்று பக்கத்துப் பண்ணைக்காரிகள் நினைத்திருக்கலாம். நினைத்துவிட்டுப் போகட்டும். அம்மாவின் பூ அங்கேயே, மண்ணிலேயே இருந்தது.

எனக்கு முன்னால் ஒரு பையன் பிறந்தான். லோரன் என்று பெயர் வைத்தார்கள். ஒரு வாரம்கூடத் தங்கவில்லை. அது மார்ச் மாதம், பனி உருகிச் சாலையெல்லாம் சேறு, டவுனிலிருக்கும் சர்ச் கல்லறைக்கு வண்டி போக வழியில்லை. அப்பா பெட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு வயலைக் கடந்து, எங்கள் நிலத்தின் ஓரத்திலிருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்துக்கு நடந்தார். முதன்முதலில் இந்த மண்ணுக்கு வந்தவர்கள் படுத்திருக்கும் இடம் அது. கொள்ளுத் தாத்தாவின் கல்லும் அங்கேதான். அவனைப் பின்பக்கம் காலியிடத்தில் புதைத்தார்கள். சாலை காய்ந்ததும் டவுனுக்கு மாற்றலாம் என்று பேச்சு. மாற்றவில்லை. கல்லும் வைக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில் அப்பா வீட்டு வாசலிலிருந்து ஒரு பியோனிக் கிழங்கைப் பிரித்து எடுத்துப்போய் அவன் தலைமாட்டில் நட்டார். அதைப் பற்றி அவர் பேசியதே இல்லை. எனக்கு இதைச் சொன்னது அம்மாதான், அதுவும் என் முதல் பிள்ளை பிறந்த பிறகு.

என் தங்கை ஜோஎலனுக்குப் பையன் அங்கே இருக்கிறான் என்பது தெரியும். எந்த இடம் என்பது தெரியாது. அவளுக்குப் பதினெட்டு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு சிகாகோ போய்விட்டாள். நினைவு நாளுக்கு வரும்போதெல்லாம் அம்மா கொள்ளுத் தாத்தாவின் கல்லில் கையூன்றி நிற்பதைத்தான் பார்த்திருக்கிறாள். அதனால் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில்தான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். முட்டி வலி வந்த பிறகு அம்மாவால் அதைத் தாண்டி நடக்க முடியவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

ஜோஎலன் தோட்டம் வடிவமைப்பவள். சும்மா சொல்லக் கூடாது, பெயர் வாங்கியவள். அந்தப் படிப்புக்காகவும் பிறகு தொழிலுக்காகவும் இத்தாலிக்குப் போனாள், இங்கிலாந்துக்குப் போனாள், ஜப்பானில் ஒரு கோயில் தோட்டத்தில் முழு நாளும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கூழாங்கல்லைப் பார்த்துவிட்டு வந்தாள். வந்து ஏரிக்கரைப் பணக்காரர்களுக்கு நானூறு வருடத்து இத்தாலியத் தோட்டத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுப்பாள். சதுரம் சதுரமாகக் கத்தரித்த குட்டை வேலி, நடுவில் நீரூற்று. எங்கள் குளிர் அந்த வேலிக்கு ஒத்துக்கொள்ளாது. நவம்பர் வந்தால் சாக்குப் போர்த்த வேண்டும்.

"இத்தாலியில அந்தச் செடிக்கெல்லாம் கோட்டு போடுறாங்களா ஜோ?" என்று என் கணவர் வெர்லின் கேட்பார்.

"உனக்கு சோளத்தைத் தவிர வேற எதுவும் செடி இல்ல வெர்லின்" என்பாள் அவள்.

"சோயாவை விட்டுட்டியே."

அப்பா இறந்தது ஒரு செப்டம்பரில். டவுன் சர்ச்சில் அடக்கம். எல்லோரும் ஹாமும் உருளைக்கிழங்கு சாலட்டும் சாப்பிட்டுக் கலைந்த பிறகு ஜோஎலனைக் காணோம். தேடிப் போனால் பழைய கல்லறைத் தோட்டத்தின் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். சுற்றிலும் சோளம், நடுவில் அந்த ஒரு ஏக்கர். கலப்பை படாத மண். முன்பக்கம் கல் இருக்கும் இடத்தை மட்டும் வெர்லின் ஊருக்காக அறுத்து வைப்பார். பின்பக்கத்தை வருடத்துக்கு ஒருமுறை, நினைவு நாளுக்கு முன்னால்தான் தொடுவார். செப்டம்பரில் அங்கே புல் ஆளுயரத்துக்குச் சிவந்து நிற்கும், இடையிடையே ஊதாவும் மஞ்சளும் பூத்திருக்கும்.

"மார்லி, இது எத்தனை வருஷமா இப்படி இருக்கு?"

"எப்பவும் இப்படித்தான்."

"நான் உலகம் பூரா சுத்திட்டு வந்தேன்டி. இந்த மாநிலம் மொத்தமும் ஒரு காலத்துல இப்படிப் புல்வெளியாத்தான் இருந்திருக்கு. மிச்சம் இருக்கிறது நம்ம சமையல்கட்டு ஜன்னலுக்கு எதிர்ல."

பின்னால் வந்த வெர்லின் தொண்டையைச் செருமினார். "அது நான் அறுக்காம விட்டது ஜோ. சோம்பேறித்தனம்னு ஊர்ல பேரு. நீ வேற பேரு வெச்சா எனக்கு சந்தோஷம்."

அன்றிலிருந்து அவள் போக்கே மாறிவிட்டது. மாதம் ஒருமுறை சிகாகோவிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவாள். பனியில் வருவாள், கொசுவில் வருவாள். மண்டி போட்டு எந்தப் புல்லுக்குப் பக்கத்தில் எந்தப் பூ, எது எதன் மேல் சாய்கிறது என்று வரைவாள். நூற்றுக்கணக்கில் படம் எடுப்பாள். விதையைக் காகிதப் பையில் சேர்த்துக்கொண்டு போவாள். பொறாமையில்லாமல் சொல்கிறேன், அவள் அந்த இடத்தைப் பார்க்கும்போது எனக்கே அது புதிதாகத் தெரிந்தது.

அதை வைத்துத்தான் சிகாகோவில் ஒரு மருத்துவமனை முற்றத்தில் அதே மாதிரி ஒரு தோட்டத்தைப் போட்டாள். பத்திரிகைகளில் வந்தது. திறப்பு விழாவுக்கு அம்மாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிக்கொண்டு போனோம். மருத்துவமனைப் பெரியவர்கள் வரிசையாக நின்று எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் அம்மா. "அப்படியே எங்க கல்லறை மாதிரியே இருக்கு."

அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்து நான் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டேன். ஜோஎலனுக்கு மட்டும் அது பெரிய பாராட்டு. அம்மா கழுத்தை நீட்டி அந்த முற்றம் முழுக்கத் தேடிப் பார்த்தாள்.

"எல்லாம் இருக்கு. ஒண்ணுதான் இல்ல."

"என்னம்மா இல்ல? சொல்லு, வெச்சுடறேன்."

"ஒண்ணுமில்ல, விடு."

விட்டிருக்கக் கூடாது. ஆனால் அம்மா அப்படித்தான். அவனைப் பற்றிப் பேச வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேச்சு நின்றுவிடும்.

பெயர் வந்ததும் ஜோஎலன் ஊர் நிர்வாகத்திடம் பேசி அந்த ஒரு ஏக்கரைப் பராமரிக்கும் பொறுப்பை வாங்கிக்கொண்டாள். இனி அறுக்கக் கூடாது, வருடா வருடம் மார்ச்சில் தீ வைக்க வேண்டும், அப்போதுதான் பழைய புல் தழைக்கும் என்றாள். அதுவும் சரிதான். புல்வெளிக்குச் சொந்தமில்லாததை எல்லாம் களைய வேண்டும் என்றாள். யாரோ எப்போதோ வைத்த லைலாக் புதர், வேலியோரம் பரவிய பகல் லில்லி, பண்ணையிலிருந்து நுழைந்த தீவனப் புல். அக்டோபரில் ஆட்களோடு வந்து இரண்டு நாள் வேலை பார்த்தாள். அக்டோபரில் எங்களுக்கு வேறு உலகமே கிடையாது. நானும் வெர்லினும் அறுவடை இயந்திரத்தைவிட்டு இறங்கவில்லை. வேலை முடிந்து அவள் காரைக் கிளப்பும்போது தூரத்திலிருந்து கையாட்டினாள். நானும் ஆட்டினேன்.

அடுத்த மே மாதம். அம்மாவுக்குத் தொண்ணூறு. அதற்குச் சில வாரம் முன்புதான் சமையலறையில் ரூபார்ப் தண்டு நறுக்கிக்கொண்டே என்னிடம் அந்த விஷயத்தைச் சொல்லியிருந்தாள்.

"என்னை டவுன்ல வைக்காதே மார்லி. பையன்கிட்ட வை."

அப்பாவின் கல் இரட்டைக் கல். பாதியில் அம்மாவின் பெயரும் பிறந்த வருடமும் ஏற்கெனவே வெட்டி, ஒரு கோடும் போட்டு, மீதியைக் காலியாக விட்டிருந்தது. அதை நினைவுபடுத்தினேன்.

"உங்கப்பாவுக்கு அங்க அவரோட அம்மா இருக்காங்க, அப்பா இருக்காங்க, அண்ணன் தம்பி மூணு பேரு இருக்காங்க. அவனுக்கு யாரு இருக்கா?"

சரி என்றேன். வேறென்ன சொல்வது?

நினைவு நாளன்று ஜோஎலனும் வந்திருந்தாள். தீ வைத்த நிலம் பச்சையாகத் துளிர்த்து, எங்கும் சின்னச் சின்ன வெள்ளைப் பூ. அவளுக்கு அதைக் காட்டுவதில் அவ்வளவு பெருமை. அம்மா நடைச்சட்டத்தை ஊன்றிக்கொண்டு கொள்ளுத் தாத்தாவின் கல்வரை வந்தாள். கையூன்றினாள். பின்பக்கம் பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

"இந்த வருஷம் பூக்கலையா?"

"எதும்மா?"

"அங்க ஒரு பியோனி இருந்துச்சே ஜோ."

"ஓ, அதுவா? எடுத்துட்டேம்மா" என்றாள் ஜோஎலன் சாதாரணமாக. "கல்லுக்குப் பக்கத்துல இருந்ததை எல்லாம் நான் தொடலை, அது குடும்பங்க வெச்சது. இது சும்மா புல்லுக்கு நடுவுல தனியா நின்னுச்சு. இந்த மண்ணோடது இல்ல அது."

அம்மா அவளைப் பார்க்கவில்லை. பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் மேல இருந்துச்சு" என்றாள்.

ஜோஎலனுக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. பிறகு அவள் பின்பக்கம் ஓடினாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி, முழங்கால் புதையத் தரையில் விழுந்து, முளைத்த புல்லைக் கையால் விலக்கி விலக்கிப் பார்த்தாள். தோண்டிய குழியை அவளே கெட்டியாக மூடி, மேலே அந்தப் புல்லின் விதையைத் தூவியிருந்தாள். தன் வேலையில் அவள் கெட்டிக்காரி, தடமே தெரியவில்லை. கிழங்கை என்ன செய்தாய் என்று கேட்டேன். குப்பையோடு எரித்துவிட்டாளாம்.

"வரைஞ்சிருக்கேன்" என்றாள் திடீரென்று. "ஒவ்வொரு செடியும் வரைஞ்சிருக்கேன். படம் இருக்கு. அதுல கண்டுபிடிச்சுடலாம்."

அன்று மாலையே சிகாகோ போய் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மறுநாள் வந்தாள். சாப்பாட்டு மேஜை முழுக்கப் பரப்பினோம். எத்தனையோ வருடத்து வேலை. எந்தப் புல் தண்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதுகூட இருந்தது. பியோனி இல்லை. ஒரு படத்திலும் இல்லை. அவள் கண்ணுக்கு அது அந்த இடத்தைக் கெடுத்தது. அதனால் கேமராவைக் கொஞ்சம் இப்படித் திருப்பியிருக்கிறாள், கொஞ்சம் அப்படித் திருப்பியிருக்கிறாள். வரைந்தபோது அது நின்ற இடத்தில் புல்லை வரைந்து நிரப்பியிருக்கிறாள். ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே போனவள் கடைசித் தாளில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். இத்தாலியில் எந்தப் பிரபுவின் தோட்டத்தில் எந்தக் கல் எங்கே இருந்தது என்று இவளுக்குத் தெரியும். அதை எழுதிவைத்தவன் செத்து நானூறு வருடம் ஆகிறது. கூடப் பிறந்தவன் எங்கே படுத்திருக்கிறான் என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கத் தெரியவில்லை. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

அவள் எழுந்து அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"என்னைத் திட்டும்மா."

"திட்டினா இடம் தெரியுமா?"

"எதாவது சொல்லேன்."

"நீ பாத்துப் பாத்துத்தான் செஞ்சே. எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. அவள் கை ஜோஎலனின் தலைமேல் இருந்தது. திட்டியிருந்தால் என் தங்கைக்கு இவ்வளவு ஆகியிருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

ஆகஸ்டில் வெர்லின் அம்மாவை லாரியில் ஏற்றிப் புல்லுக்குள் மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். நானும் ஜோஎலனும் பின்னால் நடந்தோம். அம்மா ஜன்னலை இறக்கிவிட்டு வெகுநேரம் பார்த்தாள். அவள் இத்தனை வருடமும் இடத்தைப் பார்த்து அடையாளம் வைக்கவில்லை. பூவைப் பார்த்துத்தான் அடையாளம் வைத்திருந்தாள். நானும் வெர்லினும்கூட அப்படித்தான்.

"இங்கதான்னு நினைக்கிறேன்" என்று ஒரு இடத்தைக் காட்டினாள். "கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்ல. குழந்தைக்கு அம்மா பக்கத்துல இருக்கான்னு தெரிஞ்சாப் போதும்."

ஜனவரியில் அம்மா போய்விட்டாள். ஊர் நிர்வாகம் மறுக்கவில்லை. அவள் காட்டிய இடத்தில்தான் குழி வெட்டினோம். ஜோஎலன் அன்று விடியும்போதே வந்து, உறைந்த புல்தரையைக் கட்டி கட்டியாகத் தன் கையாலேயே வெட்டி எடுத்து அடுக்கி, எல்லாம் முடிந்ததும் ஒவ்வொன்றையும் இருந்தபடியே திரும்பப் பதித்தாள். கையுறை கிழிந்திருந்தது. நான் உதவவில்லை. எனக்கு அப்போதும் ஆறவில்லை. சின்னதாக ஒரு கல் வைத்தோம். டவுனில் அப்பாவின் கல்லில் அந்தக் கோடு அப்படியே நிற்கிறது.

அதற்குப் பிறகு அவள் பெரிய தோட்டம் எதுவும் எடுக்கவில்லை. கூப்பிடுகிறார்கள், போவதில்லை என்று கேள்வி. மார்ச்சில் தீ வைக்க மட்டும் வருவாள். வேலை முடிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் கிளம்பிவிடுவாள்.

இந்த வருடம் ஏப்ரல். தீ வைத்துச் சில வாரம் ஆகியிருந்தது. வேலிக் கம்பத்தைப் பார்க்கப் போன வெர்லின் திரும்பி வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் வந்தால்கூடக் கழற்றாத மனுஷன்.

"நீ வந்து பாரு" என்றார்.

கரியான தரையில் சிவப்பாக மூன்று முளை, விரல் தடிமனில். எங்கள் வாசலில் வருடா வருடம் பார்க்கிற முளைதான், எனக்கு அடையாளம் தெரியாமல் போகுமா? ஜோஎலன் தோண்டியபோது ஒரு துண்டுக் கிழங்கு உடைந்து ஆழத்தில் தங்கியிருக்கிறது. தலை தூக்க அதற்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. பின்பக்க வேலியோரம், கிழக்கு மூலையில் இருந்தது. அம்மாவின் கல் மேற்கே. நடுவில் எங்கள் பெரிய டிராக்டரையும் விதைக்கும் இயந்திரத்தையும் சேர்த்து நிறுத்தலாம்.

ஜோஎலனுக்குச் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் தோன்றியது. மூன்று நாள் சொல்லவில்லை. பிறகு கூப்பிட்டேன். நினைவு நாளுக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.

வந்தாள். கையில் பூ இல்லை. எனக்கும் அன்று பூ வெட்ட மனம் வரவில்லை. செடி முழங்கால் உயரம் வந்திருந்தது, மொட்டு இல்லை. முதல் வருடம் பூக்காது. அவள் அதன் முன்னால் நின்றாள். அம்மாவின் கல்லைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி செடியைப் பார்த்தாள்.

"அம்மாவை இங்க மாத்த முடியுமா?"

"முடியாது ஜோ."

"அப்ப இலையுதிர் காலத்துல இதைப் பிரிச்சு ஒரு துண்டு அம்மாகிட்ட..."

"அதுல இன்னொரு தடவை மண்வெட்டி படக் கூடாது."

நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்துவிட்டது. அவள் தலையாட்டினாள். பையிலிருந்து தாளை எடுத்தாள். மண்டி போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, அந்தச் செடியை வரைய ஆரம்பித்தாள். ஒவ்வொரு இலையாக வரைந்தாள். நான் வேலியில் சாய்ந்து நின்றேன். முடித்ததும் தாளை மடித்து உள்ளே வைத்துவிட்டு, என்னிடம் ஒன்று செய்யச் சொன்னாள்.

"நீ அம்மாகிட்டப் போய் நில்லு மார்லி."

எதற்கு என்று கேட்காமல் போனேன். புல் முழங்காலுக்கு மேல் வந்திருந்தது. எங்கள் பக்கத்தில் மே மாதக் காற்று எப்போதும் ஓயாது. அம்மாவின் கல்லில் கையூன்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் ஜோஎலன் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள், தலை மட்டும்தான் தெரிந்தது. அவள் உதடு அசைந்தது. கத்தவில்லை. அங்கிருந்து அம்மாவுக்குக் குரல் எட்டுமா என்று, தொட்டிலுக்குப் பக்கத்தில் பேசுகிற குரலில் பேசிப் பார்க்கிறாள் என்று புரிந்தது.

எனக்குப் புல் உரசும் சத்தம்தான் கேட்டது.

அவள் எழுந்து நின்று இரண்டு கையையும் வாயருகே குவித்தாள். "கேட்டுச்சா?"

மூன்று வருடமாக அவளிடம் நான் ஒரு நல்ல வார்த்தை பேசியிருக்கவில்லை.

"கேட்டுச்சு" என்று கத்தினேன். "நல்லாக் கேட்டுச்சு ஜோ."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். நான் அம்மாவின் கல்லிலிருந்து கையை எடுக்காமல் அங்கேயே நின்றேன்.